பதினேழாம் எண் தொட்டி

ஆய்வறைக் கதவில் என் கையெழுத்தில் ஓர் அறிவிப்பு:
பூ வைத்துக்கொண்டு உள்ளே வரக் கூடாது.
மதுரையில் இப்படி எழுதி ஒட்டியவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
வெளியே ஆணியில் மாணவிகளின் சரங்கள் தொங்கும்,
சாயங்காலம் வாடி, யாருடையது எது என்று தெரியாமல்.

உள்ளே
உருளைக்கிழங்கு இருநூறு கிராம், குளுக்கோஸ் இருபது,
அகார் இருபது, தண்ணீர் ஒரு லிட்டர்.
சோலைராசுதான் வேகவைத்து வடிகட்டுவார்.
வெந்த கிழங்கைக் கொட்ட மனசில்லாமல்
ஒருநாள் உப்புப் போட்டுத் தின்றுவிட்டு
"பூஞ்சைக்கு நல்ல வாய்ருசி மேடம்" என்றார்.

அந்தப் பூஞ்சை அழகர்மலை அடிவாரத்தில் கிடைத்தது.
ஆளுயரத்துக்கு உண்ணிச்செடி, கண்ணுக்கு எட்டியவரை.
பங்களா வாசலுக்கு அழகு என்று
எந்தத் துரையோ கப்பலேற்றிய தொட்டிச்செடி.
வாசலைத் தாண்டித் தலைமுறைகள் ஆயிற்று.
ஆடு கடிக்காது. முள் சேலையை விடாது.
அதனடியில் புல் தலைதூக்காது.
ஒரே ஒரு புதர் மட்டும்
இலையெல்லாம் கருகி, தொட்டால் உதிர்ந்து.
அதைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேனாம்,
கூட வந்த வனக்காவலர் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

களைக்கு வந்த நோய் எங்களுக்கு வரம்.
வரம் வேறு யாரைத் தொடும் என்று
கேட்டுவிட்டுத்தான் அவிழ்க்க வேண்டும்.
நெருங்கிய உறவு முதலில்: நொச்சி, துளசி, தேக்கு.
பிறகு தூரத்துச் சொந்தம் எள்.
பதினேழாவதாக மல்லி,
உசிலம்பட்டிப் பக்கம் ஒச்சப்பன் கொடுத்த பதியன்.
"நோய் வருதான்னு பாக்கவா?
வரலேன்னு எழுதத்தானே போறீக" என்று
காசு வாங்கவில்லை அவர்.

தெளித்து, பாலித்தீன் போர்த்தி,
இரண்டு நாள் ஈரத்தில் வைத்தேன்.
நொச்சி தப்பியது. துளசி தப்பியது. தேக்கு, எள்.
எட்டாம் நாள் ராத்திரி
அறிக்கையின் முதல் வாக்கியத்தை
மனசுக்குள் எழுதியும் பார்த்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள்
கடுகளவு பழுப்பு,
சுற்றிலும் மெல்லிய மஞ்சள் வளையம்.

தண்ணீர்க் கறை என்று நினைத்தேன்.
நகத்தால் சுரண்டினேன்,
மாணவர்கள் செய்தால் திட்டுவேன்.
இலையை நறுக்கி, தட்டில் வளர்த்து, நுண்ணோக்கியில் வைத்தால்
அதே வித்துகள். அதே குறுக்குச் சுவர்கள், நீண்ட வால்.
மலையில் சிரித்தவளை
அவற்றுக்கு அடையாளம் தெரிந்த மாதிரி இருந்தது.

மூன்று வருஷம் ஆட்டோகிளேவில் ஏறியது.
நூற்று இருபத்தொரு டிகிரியில் பதினைந்து நிமிஷம் போதும்.
ஒரு மணி நேரம் வைத்தேன்.
"பயபுள்ள செத்துருச்சா?" என்றார் சோலைராசு.
செத்துருச்சு.
மலையில் அந்தப் புதர் அப்படியே இருப்பதை
இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.
ஒச்சப்பனுக்கு மட்டும் போன் செய்தேன்.
அவர் மோட்டார் போடப் போயிருந்தார்.

சனிக்கிழமை, அழகர்கோவில் சாலையில் ஒரு நர்சரி.
கறுப்புப் பைகளில் குட்டை ரகம்,
மஞ்சளும் ரோஸும் கலந்து உண்ணிப்பூ.
அட்டையில் 'ஊட்டிப் பூ, அறுபது ரூபாய்'.
பையன் ஓடிவந்தான்.
வாசலுக்கு ஏத்த செடி மேடம்,
தண்ணி கேக்காது,
ஆடு மாடு வாய் வைக்காது,
நோய்னு ஒண்ணு வரவே வராது.

வராது, என்றேன்.

ஐம்பதுக்குத் தருவதாகச் சொன்னான்.