நாலு ஹெர்ட்ஸ்

மூன்று ராத்திரிக்குத்தான் கேமரா.
சென்னையிலிருந்து பேருந்தில்
மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
பக்கத்து சீட்டுக்காரர் துண்டை விலக்கிப் பார்த்து
பிள்ளை இல்லையா என்றார்.

மென்பொருள் வாங்கக் காசில்லை.
உரிமத் தொகையைப் படித்த துறைத்தலைவர்
தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.
ஆகவே இது:
யாரோ எழுதி, பூட்டாமல் விட்டுப்போன நிரல்.
எழுபத்திரண்டாம் வரிக்கு மேல் ஒரு குறிப்பு:
நீலச் சுடரில் சோதிக்கவில்லை, மன்னிக்கவும்.

மன்னித்தேன்.
ஆனால் அது சிவப்பை மட்டுமே நம்பியது.
பர்னர் வாயை ஒட்டிய நீலத்தை
இருட்டென்று வெட்டி எறிந்தது.
திரையில் என் நெருப்பு அந்தரத்தில் மிதந்தது.
பேய்க்குத்தான் கால் பாவாது,
தீக்குமா?

ஒரு வரி மாற்றினேன்.
மூன்று நிறத்தையும் கேள் என்றேன்.
நாற்பதுக்குக் கீழே எல்லாம் இருட்டு என்றிருந்ததைப்
பதினொன்றாகக் குறைத்தேன்.
கால் முளைத்தது.

திருமங்கலம் தாண்டி, மே மாதம்,
ஜன்னலெல்லாம் கறுப்பு சார்ட் தாள்.
மின்விசிறி போடக் கூடாது, சுடர் சாயும்.
எரிவாயு திறக்கும் அழகர்பாண்டி
ஒரு தும்மல் தும்மினார்,
இரண்டாயிரத்து முந்நூறு சட்டகம் பாழ்.

நொடிக்கு ஐநூறு படம்.
ஒவ்வொன்றிலும் சுடரின் ஓரத்தை
நிரல் பச்சைக் கோடாய் வரைந்துகொண்டே போகும்,
நுனி எவ்வளவு உயரம் என்று எழுதி வைக்கும்.
வரைபடத்தில் பன்னிரண்டில் பெரிய முகடு.
அது தெரிந்ததுதான், இந்த அளவுச் சுடர்
அப்படித்தான் துடிக்கும்.
பக்கத்தில், நாலில்,
ஒரு சின்ன முகடு.

அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.
அன்றைக்கு நான் தூங்கவில்லை.
கட்டுரைத் தலைப்பு வரைக்கும் யோசித்தாயிற்று.
ப. இருளேஸ்வரி என்று
ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பது வரைக்கும்.
இரண்டாம் ராத்திரியும் நாலு.

மூன்றாம் ராத்திரி இல்லை.
அதே பர்னர், அதே வாயு, அதே வியர்வை.
வால்வைக் கழற்றினேன், குழாயை மாற்றினேன்,
நிரலை வரிவரியாய்ச் சந்தேகப்பட்டேன்.
அழகர்பாண்டி டீயோடு வந்து
கொட்டாவி விட்டார்:
'ஓடைக்கு அந்தாண்ட பொங்கல் முடிஞ்சுபோச்சு மேடம்.
ரெண்டு நாளா உறுமிச் சத்தத்துல
கண்ணே மூடல.'

அவர் செல்போனில் காணொளி இருந்தது.
சத்தத்தை மட்டும் பிரித்து
அதே கணக்கில் போட்டேன்.
நொடிக்கு நாலு அடி.

கறுப்புத் தாளையும் சுவரையும் தாண்டி வந்து
சாமி ஆடியவர்களோடு
என் சுடரும் ஆடியிருக்கிறது.
நான்தான் கதவைச் சாத்திக்கொண்டு
எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரைச்சல், வடிகட்டு என்றார் தலைவர்.
வடிகட்டினேன்.
கட்டுரையில் பன்னிரண்டு மட்டும் இருக்கிறது.

திருத்திய வரியை நிரலோடு சேர்த்துத்
திருப்பிக் கொடுத்தபோது
மாதிரிக் காட்சியாக
இரண்டாம் ராத்திரியை வைத்தேன்.
எந்த ஊரில் யார் திறந்தாலும் அது வரும்.
எழுபத்திரண்டாம் வரிக்கு மேல்,
அந்த மன்னிப்புக்குப் பக்கத்தில், எழுதினேன்:

நீலம் இப்போது தெரியும்.
நாலில் வருவது பிழையல்ல,
உறுமி.