ஈரத்துக்குக் கழிவு

டிக்கோயா ஆஸ்பத்திரி. கிளினிக் சனம் கலைந்த நேரம்.
"உங்க கைதான் அளவு, யோகமணி," என்றார் டொக்டர் மிஸ்.
"ஒரு உள்ளங்கைன்னா உடம்பில ஒரு வீதம்."
முதுகுக்கு ஏழு. முழங்கால்களுக்கு மூன்று.

கொழுந்துக் கறை ஏறிய கையைத் திருப்பினேன்.
வெடித்திருந்தது.
அளக்கிற கையை
எதைக்கொண்டு அளப்பது?
அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு இரண்டு குழாய் இரத்தம்
ஐஸ் பெட்டியில் கண்டிக்குப் போனது,
பெரஹரா பார்க்கக்கூட
நான் போகாத கண்டிக்கு.

ஊசி மருந்து தொடங்கி மூன்றாம் மாதம்
மறுபடி இரத்தம், மறுபடி கடதாசி.
தோலின் தீயை இரத்தத்தில் காட்டும் எண்
முப்பத்தொன்றிலிருந்து பதினொன்று.
"நல்லாக் குறைஞ்சிருக்கு."

லயத்தில் எண் செல்லாது.
பைப்படியில் என் வாளிக்கு
முன்னும் பின்னும்
இன்னும் ஓராள் இடைவெளி.
விடிந்ததும் போர்வையை உதறினால்
டஸ்ட் தேயிலை போல விழுகிறது,
வெள்ளையாக.

கொழுந்து மடுவத்தில்
தராசு இருபது காட்டினால்
துண்டில் பதினேழு விழும்:
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு.
இருபத்திரண்டு வருடம்
ஏனென்று கேட்காத வாய்
அன்றைக்குக் கேட்டுவிட்டது:

"பதினொன்று சரிதான் மிஸ்.
இதில
என்னத்துக்கு எவ்வளவு கழிச்சீங்க?"