வாளிச் சின்னம்

சின்னம் கேட்டு வந்த அன்றைக்கு
கழுதை இருக்கிறதா என்றாள் குஞ்சிதம்.
உயிருள்ள எதுவும் பட்டியலில் கிடையாதும்மா,
ஊர்வலத்தில் கட்டி இழுக்கிறார்கள் என்று
எப்போதோ எடுத்துவிட்டார்கள், என்றேன்.
சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன்.
"அப்படியா, நல்ல காரியம்" என்று
வாளியை வாங்கிக்கொண்டு போனாள்.

கால்நடை மருந்தகத்தில்
இருபத்திரண்டு வருஷம் ஊசி கொதிக்க வைத்தவள்.
ஓட்டு கேட்கவும் அந்தக் கைதான்.
நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால்
கட்சிக்காரர்கள் பஸ் ஜன்னலுக்குள் நோட்டீஸ் நீட்டுவார்கள்;
இவள் அடிமாட்டு லாரியின் சக்கரத்தில் கால் வைத்து ஏறி
உள்ளே தண்ணீர் நீட்டுவாள்.
டிரைவர் திட்டுவான். மாடு குடிக்கும். கேட் திறக்காது.

பதினொரு ஓட்டில் ஜெயித்தாள்.
பதினொன்றும் எந்தெந்த நாய் போட்டது என்று
டீக்கடையில் பெயர் சொல்லி எண்ணினார்கள்.

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
"ஒன்பதாம் வார்டு உறுப்பினர்
தெருநாய்களுக்குக் கருத்தடை கோரினார்.
(சிரிப்பு.) ஒத்திவைக்கப்பட்டது."
"இரும்புக் கண்ணியை நிறுத்தக் கோரினார்.
நிதியில்லை. (சிரிப்பு.)"
"அறுவடை முடிந்து வாத்து இறங்கும் மாதங்களில்
மன்னார்குடி சாலையில் வேகத்தடை கோரினார்.
(சிரிப்பு. தலைவரும்.)"

சம்பா பொதிகட்டும் சமயம்
எலி மருந்துக்கு இருபதாயிரம் கேட்டு மனு வந்தது.
நாற்காலிகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.
"எலிக்கும் நீங்கதானே மெம்பர்?" என்றார் நாலாம் வார்டு.
எழுந்தவள் வெகுநேரம் பேசவில்லை.
நான் பேனாவை மூடித் திறந்தேன்.

"எலி தின்கிற நெல்லைத்தான் நானும் தின்கிறேன்.
இதற்கு என்னிடம் பதில் இல்லை.
மருந்து வேண்டாம்.
தின்ற எலியை ஆந்தை தின்னும்,
செத்த ஆந்தையை நாய் இழுக்கும்.
கிட்டி வைக்கிறவருக்குக் கூலி கொடுங்கள்.
வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நடுங்கள்.
அப்படியும் எலி சாகத்தான் போகிறது,
நான் கை தூக்கத்தான் போகிறேன்."
என்னைப் பார்த்தாள்.
"தூக்கினாள் என்று எழுதுங்க சார்."

அன்றைக்கு அடைப்புக்குறி எதுவும் போடவில்லை.
அவளுக்காகத் தட்டி கட்டின இரண்டு கல்லூரிப் பையன்கள்
எலியைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று
அதோடு வரவில்லை.

புயலுக்கு மறுநாள்
பாமணியாற்றங்கரையில் முட்டளவு சேற்றில்
செத்தவற்றை எண்ணினோம்.
படிவத்தில் பசு, எருமை, ஆடு, கோழி.
என் ஸ்கேலைப் பிடுங்கிப்
பக்கத்தில் ஒரு கட்டம் இழுத்தாள்: நாய்.
பணம் வராதேம்மா, என்றேன்.
"தெரியும். எண்ணிக்கையாவது போகட்டும்."
முப்பத்தாறு.
கலெக்டர் ஆபீஸிலிருந்து
கட்டத்தை நீக்கி மறுபடி அனுப்பச் சொன்னார்கள்.
நீக்கித்தான் அனுப்பினேன்.

பிறகு பார்லிமெண்டுக்கும் நின்றாள்.
வாளி வேறு யாருக்கோ போய்,
இவளுக்குத் தையல் மிஷின்.
ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம், நோட்டாவுக்கும் கீழே.
வளையல் போனது. டெபாசிட் போனது.
அடுத்த முறை வார்டும் போனது.

அவள் கேட்டு நிறைவேறியது ஒன்றே ஒன்று,
தீர்மானம் முப்பத்தேழு: கேட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி.
அவள் பெயர்மேல் வெள்ளையடித்து
வேறு பெயர் எழுதியிருக்கிறார்கள்.
வெயிலில் இரண்டும் தெரிகின்றன.
நேற்றுக் கழுதை ஒன்று குடித்துக்கொண்டிருந்தது,
ரயில் கத்தியும் தலை தூக்காமல்.

தணிக்கைக்காகப் பழைய புத்தகங்களை இறக்கினேன்.
ராமபாணம் அரித்திருக்கிறது.
சிரிப்பு என்று நான் எழுதியதில்
இரண்டு இடம் போய்விட்டது.
மற்றதெல்லாம் இருக்கிறது,
என் கையெழுத்தில்,
நன்றாகப் படிக்க முடிகிறது.