சிரட்டைக்குள்

சென்னையிலிருந்து ஆம்னி பஸ்ஸில்
தெர்மோகோல் பெட்டிக்குள் ஆறு வந்தன.
மார்த்தாண்டத்தில் இறக்கி
குலசேகரம் வரை மடியில் வைத்திருந்தேன்.
நிகரகுவா ஏரி மீன் என்றேன்.
திறந்து பார்த்த விஜிலா
"சிலேபிக்குஞ்சுல்லா இது" என்றாள்.
ஒன்று முந்நூறு ரூபாய் என்பதை
இன்றுவரை சொல்லவில்லை.

நீட்ரோப்ளஸ்.
கடைக்கார ஜெபசிங் வாங்கமாட்டான்.
நெற்றி புடைத்த சிவப்பு மீன் கேட்டு வருகிறவனிடம்
சாம்பல் உடம்பையும் ஒரு கறுப்புக் கோட்டையும்
என்ன சொல்லி விற்பது என்கிறான்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் மெதுவானது.
தேய்த்த சோப்பு போக ஒரு வாளி கூட வேண்டும்.
இதற்கோ கடுத்த தண்ணீர்.
குளச்சலில் பொறுக்கிய சிப்பியைத்
துணியில் முடிந்து ஃபில்ட்டருக்குள் போட்டேன்.
ரப்பர் பால் படாத புதுச் சிரட்டையின்
விளிம்பை உடைத்துக் கவிழ்த்தேன்.

ஒரு ஜோடி சேர்ந்தது.
சேர்ந்ததும் மற்றதில் மூன்றைக் கொன்றது.
மிஞ்சிய ஒன்றை வாளிக்கு மாற்றினேன்.

வெட்டுக்குப் போக மூன்று மணிக்கு எழும்புவேன்.
ஒருநாள் நெற்றிவிளக்கைத் தொட்டியில் அடித்தால்
இரண்டும் கன்னங்கரேலென்று நிற்கின்றன.
கோடு மட்டும் வெளுத்திருக்கிறது,
கத்தி பட்டதும் பட்டையில் ஊறும் கோடு.

முதல் ஈடு மூன்றாம் நாள் காணோம்.
தின்றதுதான், வேறு யார்?

இரண்டாவது ஈட்டுக்கு மழை வந்தது.
கரண்டு போய்
காற்று மோட்டார் நின்றது.
மழையில் வெட்டும் கிடையாது,
கப்பில் மொண்டு மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.
கை இறங்கும்போதெல்லாம்
ஆண்மீன் வந்து விரலை இடித்தது.
பாறையில் பாசி சுரண்டும் பல்,
ஒட்டுப்பால் காய்ந்த தோலையும் சுரண்டியது.
மூச்சு கொடுக்கிறவன் நான் என்று
அதற்குச் சொல்ல வழியில்லை.
தெரிந்தாலும் இடிக்கத்தான் செய்யும்.

விஜிலா மெழுகுவத்தியோடு வந்தாள்.
"சவத்து மீனுக்கு..." என்று தொடங்கி
கொஞ்சநேரம் பார்த்து நின்று
"கைய எடுங்க, நான் ஊத்துதேன்" என்றாள்.
அவளையும் இடித்தது.
"எடே" என்றாள் அதைப் பார்த்து,
என்னிடம் காட்டாத மரியாதையோடு.

எட்டாம் நாள் சிரட்டைக்கு வெளியே
பதினேழு,
கண்ணும் வாலும் மட்டும்.
ஜெபசிங்குக்குப் போன் போடவில்லை.

வாளியில் கிடக்கும் ஒற்றை
இன்னும் சாம்பல்தான்.
அதன் கோடு வெளுக்கிறதா என்று
மூன்று மணிக்கு ஒருதரம்
விளக்கடித்துப் பார்த்துவிட்டுத்தான்
கத்தியை எடுக்கிறேன்.