ரோஸ்ட்

நாளை காலை ஏழு மணிக்கு
பெருங்குப்பை எடுக்கும் லொறி வரும்.
அதில் ஏற்றத்தான் இழுத்து வந்தேன்
பின்முற்றத்தில் இரண்டு குளிர்காலம்
மூடியில்லாமல் நனைந்த இந்தத் தட்டை.
வூப்பர்டால் மழைக்குக் காரணம் தேவையில்லை.
மூடியைக் காற்று கொண்டுபோனது.
அதை யார் கட்டியிருக்க வேண்டும் என்பது
இன்னும் தீராத வழக்கு.

நான் கறள் என்பேன்.
மூன்றாம் மாடி இருளப்பன் துரு என்பார்.
இந்த ஊர்க்காரருக்கு அது ரோஸ்ட்.
நெருப்பின் மேல் வைக்கும் இரும்புத் தட்டிக்கும்
அவர்களிடம் அதே சொல்தான், ரோஸ்ட்.
"எங்க ஊர்ல அதை நெய் ஊத்தி
முறுகலாத் தருவாங்க" என்று
படியிறங்கும்போது சொல்லிவிட்டுப் போனார்.

சும்மாதான் சுரண்டினேன், வீட்டுச் சாவியால்.
ஒரு கோடு.
கோட்டுக்குள் பல்லைக் காட்டியது இரும்பு.

துளைகருவியில் கம்பித் தூரிகை மாட்டினால்
பத்து நிமிட வேலை.
ஆனால் ஞாயிற்றுக்கிழமை.
இங்கே அது சட்டம் போட்டுக் காக்கும் மௌனம்.
இரண்டாம் நிமிடமே
ஹோல்டர்ஹோஃப் அம்மா ஜன்னலைத் திறப்பார்.
ஆகவே கையால்.

வினாகிரி ஊற்றிப் பழைய துவாயால் போர்த்து
காய்ச்சல்காரரை விடுவதுபோல்
ஒரு மணி நேரம் தொடாமல் விட்டேன்.
பிறகு இரும்பு நார், வட்டம் வட்டமாக.
தோள் வலித்தபோது நீள நீளமாக.
வாளித் தண்ணீர் முதலில் தேத்தண்ணீர்,
பிறகு கலைந்த செங்கல்.

நடுவில் தழும்புகள் மேலே வந்தன.
கொத்து ரொட்டி வெட்டிய தழும்புகள்.
இடப்பக்கம் சாய்ந்தவை வதனியுடையவை.
அவளுக்கு இடது கை, எனக்கு வலது.
தெருவிழாவில் எதிரெதிரே நின்று
நாங்கள் தகடு தட்டிய தாளத்துக்கு
யாரோ வீட்டுப் பிள்ளைகள் ஆடினார்கள்.
அன்றிரவு கணக்கில்
முந்நூற்று நாற்பது யூரோ குறைந்தது.
அவள் என் முகத்தைப் பார்த்தாள்.
நான் என் தங்கச்சியின் கைப்பையைப் பார்த்தேன்.
அவ்வளவுதான்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அன்றைக்கும்
அதற்குப் பிறகும்.

எண்ணெய் வடியும் இழுப்பறை வர மறுத்தது.
உதைத்தேன். வந்தது.
உறைந்த கொழுப்புக்குள்
முட்டைக்கோது, கருகிய கறிவேப்பிலை ஒன்று,
ஒரு இரண்டு யூரோ.
வினாகிரியில் அதையும் போட்டேன்.
இன்னும் முந்நூற்று முப்பத்தெட்டு.

துடைத்துக் காயவைத்து காஸைத் திறந்தேன்.
இரும்பு முதலில் வைக்கோல் நிறம் கொண்டது,
பிறகு கத்தரிப்பூ, பிறகு
பெயர் தெரியாத ஒரு நீலம்.
ஆளிவிதை எண்ணெய், பூசியதே தெரியாத அளவு.
புகை எழும்பியது.
ஜன்னல் திறந்தது.
என்ன செய்கிறாய் என்று கேட்டார் அந்த அம்மா.
அதற்கு ஜெர்மன் சொல் வாயில் வரவில்லை.
"பழக்குகிறேன்" என்றேன், தமிழிலேயே.
தலையை ஆட்டி ஜன்னலைச் சாத்தினார்.
நான்கு பூச்சு.
நான்கு புகை.

பாதி வெங்காயத்தை முள்ளில் குத்தித் தேய்த்து
மாவை விட்டேன்.
முதல் தோசை பிய்ந்தது, எந்தக் கல்லிலும் பிய்வதுதான்.
இரண்டாவதில் கொஞ்சம் கறள் வாசனை.
மூன்றாவது
ஓரத்தில் தானாகவே எழும்பி நின்றது.
கரண்டியோடு நான்
சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.
சத்தமில்லாமல் மொறுமொறுப்பது எப்படி என்றும்
ஞாயிறு முடிய இன்னும் எத்தனை மணி நேரம் என்றும்
யோசித்தபடி நின்றே தின்றேன்.

ஆற்றின் மேல் தலைகீழாகத் தொங்கும் ரயிலில்
பார்மன் போய்ச் சேர இருட்டிவிட்டது.
பச்சை பூசிய அதன் இரும்புக் கால்களுக்கும்
யாராவது கறள் பார்க்க வேண்டியிருக்கும்.
அவள் வீட்டுக் கடிதப் பெட்டியில்
இன்னமும் எங்கள் அப்பாவின் பெயர்தான்.
உறைக்குள் ஒரு யூரோ.
இரண்டில் பாதி.
கடிதம் இல்லை, அனுப்பியவர் பெயர் இல்லை.
விரல் பட்ட இடத்தில் மட்டும் எண்ணெய் ஊறியிருந்தது.
மணியை அடிக்கவில்லை.

திரும்பி வரும்போதுதான் நினைவு வந்தது.
குப்பைக்குப் பதிவு செய்தது நான்.
வெறுங்கையோடு நின்றால் லொறிக்காரர் ஏசுவார்.
சமையலறையில் கால் ஆடும் கதிரை ஒன்று இருக்கிறது.
ஆணி இரண்டு அடித்தால் சரியாகும்தான்.
ஆனால் இன்றைக்கு ஞாயிறு.