எந்தத் தேதி

வண்ணாரப்பேட்டை மேம்பாலத்தை ஒட்டி
ஏசி பாதி வேலைசெய்யும் ஓட்டலில்
வடை வந்ததும் ஜெபசீலன் கண்ணை மூடினார்.
நான் ஏற்கெனவே ஒரு விள்ளல் பிட்டிருந்தேன்.
வாயில் போடுவதா, தட்டில் வைப்பதா என்று
கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

நல்ல மனிதர். நாங்குநேரியில் பேட்டரிக் கடை.
தசமபாகத்துக்குத் தனி டப்பா.
சீதனம் என்று வாயெடுத்தபோது
பெற்ற தாயையே அதட்டியவர்.
என் உத்தியோகத்தைச் சிரிக்காமல் விசாரித்தவர்:
முத்திரை ஆய்வாளர், தராசு பார்க்கிறவள்,
பாளை மார்க்கெட்டில் என் தலையைக் கண்டால்
தட்டுக்கு அடியில் ஒட்டிய புளியை
அவசரமாகச் சுரண்டுகிற நகங்களை அறிந்தவள்.

பிறகு கேட்டார்:
"நீங்க ரட்சிக்கப்பட்டது எந்தத் தேதி?"
அவருக்கு மே பத்தொன்பது, ராத்திரி எட்டேகால்,
திசையன்விளைக் கூட்டத்தில், மழை.

முருகன்குறிச்சிக் கோயிலில்
எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது
வயது நாற்பது நாள். அழுதேனாம்.
"ஏதாவது ஒரு தேதியச் சொல்லிட்டு வா, ஏட்டி"
என்றுதான் அக்கா ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.
முப்பத்திரண்டு ஆகிறது. சொல்லியிருக்கலாம்.

தேடித்தான் பார்த்தேன்.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் அப்பா கிடந்த
பதினொரு நாளும் முழங்காலில் நின்றேன்.
பன்னிரண்டாம் நாள் அவர் இல்லை.
பதின்மூன்றாம் நாளும் நின்றேன்,
ஒன்றும் கேட்காமல், ஒன்றும் சொல்லாமல்,
முட்டி மரத்துப்போகும் வரை.
அதைத் தேதி என்று எழுதலாமா?

"தேதி இல்லை" என்றேன்.
தம்ளரை மெல்லச் சுற்றினார். கோபமில்லை.
"நகை..." என்று ஆரம்பித்தவர்
என் காதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
அவர்கள் சபையில் பொட்டுத் தங்கம் ஆகாது.

எந்தத் தராசும் இத்தனை கிராம் வரை
பிசகலாம் என்று சட்டத்தில் ஓர் அட்டவணை உண்டு.
அதற்குள் நின்றால் முத்திரை குத்திவிடலாம்.
அவரிடம் அந்த அட்டவணை இல்லை
என்று மனசுக்குள் குற்றம் எழுதிக்கொண்டிருந்தேன்.
பாதியில் பேனா நின்றது.
வடைக்குக் கண்ணை மூடாத ஒருவன்
எதிரே உட்கார்ந்திருந்தால்
எனக்கும்தான் பிடித்திருக்காது.

"நீங்க சந்தேகப்பட்டது எந்தத் தேதி?"

ரொம்ப நேரம் ஆற்றுப்பாலத்துப் பக்கம் பார்த்தார்.
"இருந்துச்சு. அதக் குறிச்சு வைக்கல."
அந்த முகம் அப்போதுதான் எனக்குப் பிடித்தது.

பில்லை அவர் கொடுத்தார்.
"ஜெபிச்சிட்டுச் சொல்லுதேன்."
"நானும்" என்றேன்.
சொன்ன பிறகு பயமாக இருந்தது,
அது பொய்யில்லை என்பதால்.

ராத்திரி இரண்டு தோட்டையும் கழற்றி
சோப்பு டப்பா மூடியில் வைத்துப் பார்த்தேன்.
காலையில் இடது காதில் திருகு ஏறவில்லை.
மேலப்பாளையத்தில் அன்று சந்தை.
ஒற்றைத் தோட்டோடு
பஸ்ஸுக்கு ஓடினேன்.