யார் பேரில் இருக்கிறது

ஆடி பிறந்த மூன்றாம் நாள்
பினாங்கிலிருந்து போன்:
"உங்க பக்கத்தைத் திறந்தா
ரம்மி ஆடக் கூப்பிடுது தங்கச்சி.
சீப்புச் சீடை எங்கே?"

அப்போதுதான் தெரிந்தது,
பள்ளத்தூரில்
அடுப்பு என்னுடையது
வாணலி என்னுடையது
வங்கிக் கடன் முழுக்க என்னுடையது
இணையத்தில் பெயர் மட்டும் ஜெரால்டுடையது.

ஜெரால்டு நல்லவன்தான்.
காரைக்குடி செக்காலை ரோட்டு மாடியில் உட்கார்ந்து
தளம் கட்டித் தந்தவன்.
தொண்ணூற்றொன்பது ரூபாய்க்குப் பேரைப் பதிந்தவன்,
தன் பேரில், தன் மெயிலில்.
இப்போது ஷார்ஜாவில்.
"அந்த மெயில் பாஸ்வேர்டே மறந்துபோச்சுக்கா"
என்கிறபோது பின்னால்
லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம்.

புதுப்பிக்கச் சொல்லி ஆறு கடிதம் போயிருக்கிறது
யாரும் திறக்காத பெட்டிக்கு.

அடுத்த தெருவில் ஒரு பெரிய வீடு.
பதினோரு பங்காளி, பதினோரு அறை,
பதினோரு பூட்டு.
ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில்
யாருடையதென்று எழுதியிருக்கும்.
தாண்டிப் போகும்போதெல்லாம் சிரிப்பேன்.
அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய பெயருக்கு இப்போது விலை
இரண்டாயிரத்து நானூறு டாலர்.
விற்கிறவனுக்கு முகம் இல்லை.
தொலையட்டும் என்று
நடுவில் ஒரு கோடு சேர்த்துப் புதுப் பெயர் பிடித்தேன்.
இதை யாரிடம் கொடுத்துவைப்பது?

இரண்டு ராத்திரி, ஏழு நிறுவனம்.

ஒன்று, முதல் வருஷம் தொண்ணூற்றொன்பது என்றது.
அடுத்த வருஷ விலை
எறும்பு ஊர்கிற எழுத்தில்: ஆயிரத்து நானூறு.
தலைதீபாவளி மாப்பிள்ளைக்கு நெய் ஊற்றுகிற கை
மறுவருஷம் மோருக்கே யோசிக்கும்.
தெரியாதா எனக்கு.

இன்னொன்று
என் போன் நம்பரை உலகத்துக்கே காட்டுமாம்.
மறைக்கத் தனிக் காசாம்.

இன்னொன்றில்
வாங்குகிற பொத்தான் பரங்கிக்காய் அளவு.
விலகிப்போக வழி தேடினேன்.
உதவி, கேள்விகள், மேலும் கேள்விகள்,
கடைசியில் ஒரு ஃபேக்ஸ் எண்.
ஃபேக்ஸ்!

நாலாவதன் பெயரைத் தேடினால்
ஏசியவர்களே அதிகம்.

மிச்சம் மூன்று.
இரவு பதினொன்றரைக்குப் போன் போட்டேன்.
பெயர் பறிபோகிற நேரம்
ஆபீஸ் நேரமாக இருக்காது.

ஒன்றில் பாட்டு. இருபத்திரண்டு நிமிஷமும் பாட்டு.
ஒன்றில், நான் கேட்டு முடிக்கும் முன்பே
"எல்லாம் முடியும் மேடம்."
மூன்றாவதில் ஒரு பெண், தூக்கக் குரல், தில்ஷாத் என்றாள்.

"உங்களை விட்டு வேற இடம் போகணும்னா
டிரான்ஸ்ஃபர் கோடு தருவீங்களா?"
"நீங்களே எடுத்துக்கலாம்க்கா, எங்களைக் கேக்க வேணாம்.
ஆனா புதுசாப் பதிஞ்சா அறுபது நாள் நகர்த்த முடியாது."
"காசு கட்ட மறந்துட்டா
எத்தனை நாள் வச்சிருப்பீங்க?"
கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.
"இந்த வகைப் பேருக்கு எனக்குச் சரியாத் தெரியல.
கேட்டுச் சொல்றேன்."

தெரியல.
ஏழு நிறுவனத்தில்
அந்தச் சொல்லை அப்போதுதான் கேட்டேன்.

காலை ஒன்பது பத்துக்கு அவளே கூப்பிட்டாள்,
நாள் கணக்கோடும்
அதற்கு மேல் போனால் அபராதக் கணக்கோடும்.
மனகோலத்துக்குப் பாகு ஏறிக்கொண்டிருந்தது.
ஒரு கையால் கிளறிக்கொண்டே
அடுப்புச் சுவரில் கரியால் எழுதிக்கொண்டேன்.

எண்ணூற்று அறுபது. எல்லா வருஷமும் அதே.
மலிவு இல்லை. கட்டினேன்.
உரிமையாளர் என்கிற கட்டத்தில்
என் பெயரை இரண்டு முறை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்.
எனக்கொரு மெயில், தங்கை வள்ளிக்கண்ணுவுக்கொரு மெயில்.
அடுத்த வருஷக் காலண்டர் இன்னும் அச்சாகவில்லை.
கேஸ் புத்தகத்தின் உள்ளட்டையில்
தேதியைக் குறித்தேன்.

பழைய பெயர் அச்சடித்த உறை
மூவாயிரம் கிடக்கிறது.
இருவரும் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டுகிறோம்.
எண்ணெய்க் கை, ஓரம் பிரிகிறது.
பிரிந்த ஒன்றில்
பழைய பெயரின் கடைசி இரண்டு எழுத்து எட்டிப் பார்க்கிறது.

அதையே மேலே வைத்துக் கட்டினேன்,
பினாங்குப் பொட்டலத்தில்.